தோலின் நிறமும் வன்னி வெய்யிலும்

நேயர்களுக்கு வணக்கம்.

சூரியன் வருடத்தில் இரண்டு தடவை வன்னிக்கு நேர் உச்சியில் நிற்கும். முதல் தடவை சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வரும் நாள்களில், மற்றத் தடவை ஓகஸ்ட் மாதக் கடைசியில். பிற்பகல் 12.10 அளவில் எந்தெந்த ஊர்களுக்குச் சூரியன் உச்சம் கொடுக்கும் என்று வளிமண்டலவியல் திணைக்களம் சொல்வதை இதே வானொலியில் கேட்டிருப்பீர்கள். அந்த நேரத்தில் முற்றத்தில் ஒரு கம்பை நட்டால் அதற்கு நிழலே விழாது. கதிர்கள் மிகக் குறுகிய வழியால் காற்றைக் கடந்து வருவதால் அந்நேரம் புறஊதாக் கதிர் உச்சத்தில் இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புறஊதாச் சுட்டெண்ணில் 11உம் அதற்கு மேலும் 'மிகக் கடுமை' எனப்படுகிறது. வன்னியில் முகில் இல்லாத நடுப்பகலில் அந்த எண் வருவது புதினமல்ல.

வெக்கையை வைத்து இதைக் கணக்கிடக் கூடாது. நிலம் சூடேறி வெக்கை உச்சத்துக்கு வர இரண்டு, மூன்று மணியாகிவிடும். புறஊதாக் கதிரோ 12.10க்கே உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கும். வைகாசி, ஆனியில் சோளகம் வீசும்போது உடம்புக்குக் குளிர்மையாக இருக்கும், வியர்வையும் உடனே காய்ந்துவிடும். ஆனால் காற்று கதிரைத் தடுப்பதில்லை. மெல்லிய முகிலும் அப்படித்தான். அதற்குள்ளால் 80 வீதம் வரை கீழே வந்துவிடும். இதற்கு ஒரு கருவியும் தேவையில்லை, உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்களைவிடக் கட்டையாக இருந்தால் கதிர் கடுமையாக இருக்கிறது. சித்திரையில் காலை ஒன்பது மணி தாண்டியதிலிருந்து பிற்பகல் மூன்று மணி தாண்டும் வரை இந்த நிலை. மார்கழியில் ஏறக்குறைய பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை.

சரி, இந்தக் கதிருக்கு எங்கள் தோல் என்ன செய்கிறது?

மேற்றோலின் தடிப்பு பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குதான். அதன் அடித்தட்டில் ஏறக்குறைய 10 கலங்களுக்கு ஒன்று என்ற கணக்கில் நிறமிக் கலங்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் கிளைகள் உண்டு. ஒரு நிறமிக் கலம் கிளைகளை நீட்டி, பக்கத்திலும் மேலேயும் இருக்கிற 30, 40 தோற்கலங்களுக்கு மெலனின் என்ற நிறமியை மணிகளாகக் கொடுக்கிறது. வாங்கிய கலம் அந்த மணிகளைக் கண்டபடி சிதறவிடுவதில்லை. கலத்தின் கருவுக்கு மேலே, வெய்யில் படும் பக்கமாகக் கொண்டுபோய் ஒரு குடை போலக் கவிழ்த்து வைக்கிறது. காக்கப்படுவது கருவுக்குள் இருக்கும் டி.என்.ஏ. புறஊதாக் கதிர் அதில் பட்டால் அதன் இழையில் அடுத்தடுத்து உள்ள இரண்டு கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கலம் அதைத் திருத்தப் பார்க்கும். திருத்தாமல் விட்டவை வருடக் கணக்கில் சேர்ந்தால் சுருக்கம், கரும்புள்ளி, சிலருக்குப் புற்றுநோய்.

கறுப்பருக்கு நிறமிக் கலம் கூட, வெள்ளையருக்குக் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபாடு மணிகளில் இருக்கிறது. கறுத்த தோலில் மணிகள் பெரிதாக, ஒவ்வொன்றாகப் பரவி, மேல் தட்டு வரை அழியாமல் போய்ச் சேரும். வெளிறிய தோலில் அவை சிறிதாக, கும்பலாகக் கிடந்து, பாதி வழியிலேயே கரைந்துவிடும். எங்கள் சனங்களுக்குள் ஒரு வீட்டிலேயே ஒரு பிள்ளை வெள்ளை, ஒன்று பொதுநிறம், ஒன்று கறுப்பு என்று பிறப்பதற்கு இந்த மணிகளை ஆளும் பல மரபணுக்களின் கலப்பே காரணம். தாய் குங்குமப்பூ குடித்ததற்கும் குடிக்காததற்கும் அதில் பங்கில்லை.

வெய்யிலில் நின்றால் கறுக்கிறோமே, அது இரண்டு விதமாக நடக்கிறது. நின்ற சில நிமிடங்களிலேயே வரும் கருமை, ஏற்கெனவே இருக்கும் மெலனின் நிறம் மாறுவதால் வருவது. அதைச் செய்வது புறஊதாக் கதிரில் 'ஏ' என்ற வகை. புது மெலனின் எதுவும் உண்டாகாததால் அந்தக் கருமை பாதுகாப்பைக் கூட்டுவதில்லை. மற்றக் கருமை இரண்டு, மூன்று நாள் கழித்துத் தொடங்கி, ஒன்றிரண்டு கிழமையில் முற்றும். அதற்குப் பெரும்பாலும் புறஊதா 'பி' என்ற மற்ற வகை காரணம். தோற்கலத்தின் டி.என்.ஏ. காயப்பட்டவுடன் அந்தக் கலம் ஓர் ஓமோனைச் சுரந்து பக்கத்து நிறமிக் கலத்துக்குச் சொல்லி அனுப்புகிறது. அதன் பிறகே தைரோசினேசு என்ற நொதியம் கூடுதலாக உண்டாகி மெலனினைச் செய்கிறது. அதாவது, காயம் பட்ட பிறகுதான் நிறம் ஏறுகிறது. 'கறுத்துவிட்டேன், இனி வெய்யில் ஒன்றும் செய்யாது' என்று கமத்தில் சொல்வார்கள். அப்படி ஏறிய கருமை தரும் மேலதிகப் பாதுகாப்பு, மருந்துக்கடையில் விற்கும் சன்ஸ்கிறீனில் எஸ்.பி.எஃப். என்று போடும் காப்பு எண் கணக்கில் 2 முதல் 4 வரைதான்.

பிறப்பு நிறம் தருவது அதைவிடக் கூட. 1979இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், கறுப்பினத்தவரின் மேற்றோலுக்கு எஸ்.பி.எஃப். 13.4 என்றும், வெள்ளையரின் மேற்றோலுக்கு 3.4 என்றும் கணக்கிட்டார்கள். புறஊதா 'பி'யில் 7.4 வீதம்தான் கறுத்த மேற்றோலைக் கடந்தது. வெள்ளை மேற்றோலை 24 வீதம் கடந்தது. எங்களில் பெரும்பாலோர் இந்த இரண்டுக்கும் இடையில். ஆகவே சுட்டெண் 12 உள்ள நடுப்பகலில் வெள்ளைக்காரர் ஒருவர் கால் மணித்தியாலத்தில் சிவந்து போவார் என்றால், மண்ணிறத் தோலுக்கு அதே காயம் வரக் கூடினால் ஒரு மணித்தியாலம் எடுக்கும். நல்ல காவல்தான். ஆனால் உழுந்து பிடுங்குகிற நாளில் வெய்யில் ஆறு, ஏழு மணித்தியாலம்.

எரிந்த தோல் எங்கள் நிறத்தில் சிவப்பாகத் தெரியாது என்பதால் எரிந்ததே தெரியாமல் போகிறது. இரவில் தோள்மூட்டும் பிடரியும் தொட்டால் சுடுகிறதா, சட்டை உரசக் காந்துகிறதா, தோல் இறுகினாற்போல் இருக்கிறதா என்று பாருங்கள். சில நாளில் உரிந்தால் அது சந்தேகமில்லாமல் எரிகாயம். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணி போடுங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். பற்பசையும் நல்லெண்ணெயும் வேண்டாம்.

இன்னொன்று. புறஊதா 'பி' கண்ணாடியைக் கடக்காது, 'ஏ' கடக்கும். ஏ9 வீதியில் வருடக்கணக்காக லொறி ஓட்டுபவர்களின் வலது கையையும் வலது கன்னத்தையும் பாருங்கள், இடது பக்கத்தைவிடக் கறுத்திருக்கும். முன்கண்ணாடி இரட்டைப் படலமாக இருப்பதால் 'ஏ'யிலும் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடி தடுக்காது. கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே வைத்தால் இரண்டு கதிரும் படும்.

நிறம் காக்காத இடங்கள் சில உண்டு. கண்ணுக்கு அந்தக் காவல் இல்லை. கடலிலும் வயலிலும் நிற்பவர்களுக்கு மூக்குப் பக்கமிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளர்வதற்கும், கண்புரைக்கும் புறஊதாக் கதிர் ஒரு காரணம். முல்லைத்தீவுக் கரையில் வலை இழுப்பவருக்கு மேலேயிருந்து வருவது மட்டுமல்ல, காய்ந்த மணல் 15 வீதத்தையும் கடல் நுரை 25 வீதத்தையும் கீழேயிருந்து திருப்பி அனுப்புகிறது. தொப்பி மட்டும் அங்கே போதாது, புறஊதாவைத் தடுக்கும் கண்ணாடியும் வேண்டும். கறுப்புக் கண்ணாடி என்றாலே தடுக்கும் என்றில்லை, 'யூ.வி. 400' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கீழ் உதடும் அப்படித்தான், நிமிர்ந்து வெய்யிலை ஏந்தும் இடம். அதில் ஆறாத வெடிப்போ வெள்ளைத் தடிப்போ இருந்தால், வெற்றிலை போடுபவர் என்றால் இன்னும் கவனமாக, காட்டிவிட வேண்டும்.

அடுத்தது தழும்பு. வன்னியில் இதைப் பற்றிப் பேசாமல் தோலைப் பற்றிப் பேச முடியாது. செல் காயம், எரிகாயம் ஆறிய இடத்தில் நிறமிக் கலங்கள் ஒழுங்காகத் திரும்பி வருவதில்லை. வெளிறிய தழும்பில் குடையே கிடையாது, துணியால் மூடத்தான் வேண்டும். புதுத் தழும்புக்கு நேர்மாறான கரைச்சல்: முதல் ஒரு வருடத்துக்குள் வெய்யில் பட்டால் அது திட்டாகக் கறுத்துப்போகும். ஆனால் பெரிய கவலை வேறு. பெரிய எரிகாயத் தழும்பிலும், ஆறுவதும் உடைவதுமாக வருடக்கணக்கில் இருக்கிற புண்ணிலும் தோற்புற்று தோன்றலாம். மார்ஜொலின் புண் என்பது அதன் பெயர். 1828இல் மார்ஜொலின் என்ற பிரெஞ்சு அறுவை வைத்தியர் அத்தகைய புண்ணை விவரித்தார். காயத்துக்கும் புற்றுக்கும் இடைப்பட்ட காலம் சராசரியாக 30 வருடம் அளவில். இதற்கு வெய்யில் முதன்மைக் காரணமல்ல, தோலின் நிறமும் இதைத் தடுக்காது. தொண்ணூறுகளில் காயப்பட்டவர்கள் இப்போது அந்தக் காலத்துக்குள் வந்துவிட்டார்கள், 2009இல் காயப்பட்டவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். பழைய தழும்பில் ஒரு புண் நான்கு கிழமை தாண்டியும் ஆறவில்லை, விளிம்பு தடித்து மேலெழும்புகிறது, சும்மா தொட இரத்தம் வருகிறது, நாற்றம் மாறுகிறது என்றால் மருந்து கட்டிக்கொண்டே இருக்க வேண்டாம். சிறு துண்டு எடுத்துச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். செயற்கைக் கால் உரசி அடிக்கடி உடையும் இடத்துக்கும் இதே விதி.

உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தின் அடி ஆகிய இடங்களிலும் நிறம் குறைவு. கறுத்த தோல்காரருக்கு அரிதாக வரும் கரும்புற்று பெரும்பாலும் இங்கேதான் வரும். அதற்கும் வெய்யிலுக்கும் தொடர்பில்லை. ஜமேக்காப் பாடகர் பொப் மார்லி 1981இல், 36 வயதில் இறந்தது கால் விரல் நகத்தடியில் தொடங்கிய இந்தப் புற்றினால். பல நகங்களில் மெல்லிய மண்ணிறக் கோடு இருப்பது எங்கள் நிறத்தில் வழமை, அதற்குப் பயப்பட வேண்டாம். ஒரே ஒரு நகத்தில் புதிதாக வந்து, 3 மில்லிமீற்றருக்கு மேல் அகன்று, நகத்தைச் சுற்றிய தோலுக்கும் பரவினால் காட்டுங்கள்.

இனிப் பாதுகாப்பு. முதலில் துணி. களை பிடுங்கப் போகும் பெண்கள் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையைச் சட்டைக்கு மேல் போட்டு, தலையில் துவாய் கட்டி, அதற்கு மேல் ஓலைத்தொப்பி வைப்பார்கள். எந்த விலையுயர்ந்த கிறீமும் இதற்குக் கிட்ட வராது. துணியைச் சோதிக்க, அதைச் சூரியனுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தால் கதிரும் அப்படியே வரும். பலமுறை துவைத்து மெலிந்த வெள்ளைப் பருத்திச் சட்டை காவல் குறைந்தது, நனைந்தால் இன்னும் குறையும். நெருக்கமாக நெய்த, கொஞ்சம் கடும் நிறத் துணி நல்லது. கடும் நிறம் வெக்கையையும் இழுக்கும் என்பது உண்மை, அதனால் தொளதொளவென்று போடுங்கள். தொப்பியின் விளிம்பு சுற்றிலும் 7.5 சென்ரிமீற்றராவது இருக்க வேண்டும். பிள்ளைகள் போடும் கிரிக்கெட் தொப்பி நெற்றியைத்தான் காக்கும், காதையும் பிடரியையும் விட்டுவிடும். கண்ணிவெடி அகற்றும் பணியில் முழங்காலில் குனிந்திருப்பவர்களுக்கும் முகக்கவசம் முகத்தைக் காக்கிறது. பிடரிதான் வெய்யிலை நேராக ஏந்துகிறது, அதற்கு ஒரு துணி வேண்டும். நிழலில் இருந்தாலும் புளி, மா போன்ற அடர்ந்த நிழல் தேடுங்கள். தென்னை, பனை நிழலுக்குள்ளால் வானம் தெரிகிறது என்றால் கதிரும் வருகிறது.

சன்ஸ்கிறீன் துணி எட்டாத இடத்துக்கு. எஸ்.பி.எஃப். 30 என்பது எரிக்கும் கதிரில் 97 வீதத்தைத் தடுக்கும், 50 என்பது 98 வீதத்தை. அந்த ஒரு வீதத்துக்காக அதிக காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த எண்கள் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 2 மில்லிகிராம் பூசி அளந்தவை. முகத்துக்கும் கழுத்துக்கும் என்றால் ஏறக்குறைய அரைத் தேக்கரண்டி. எங்கள் ஆட்கள் பொட்டு வைக்கிற அளவு தொட்டுத் தேய்ப்பார்கள், 30 என்று வாங்கியது 10க்கும் கீழே போய்விடும். சரியாகப் பூசினால் 2.5 மில்லிலீற்றர், ஒரு நாளைக்கு இரண்டு தடவை என்றால் 50 மில்லிலீற்றர் ரியூப் பத்து நாளில் முடியும். தினக்கூலிக்குப் போகும் ஒருவருக்கு இதைச் சொல்ல வாய் வராது. அதனால்தான் துணி முதலில் என்றேன். வாங்க முடிந்தவர்கள் வெளியே போக 15, 20 நிமிடத்துக்கு முன் பூசி, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையும் வியர்த்துத் துடைத்த பிறகும் திரும்பப் பூச வேண்டும். மங்கு உள்ள பெண்களுக்கு ஒரு விசேடம்: மங்கைக் கூட்டுவது புறஊதா மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும்தான். இரும்பொட்சைட்டுச் சேர்த்த மண்ணிறச் சன்ஸ்கிறீன்தான் அதைத் தடுக்கும், வெறும் வெள்ளைக் கிறீம் தடுக்காது. மங்கு மண்ணிறமாக இருந்தால் நிறமி மேற்றோலில் இருக்கிறது, மாதக் கணக்கில் குறையும். சாம்பல் நீலமாக இருந்தால் உள்தோலில் இறங்கிவிட்டது, அதற்கு நிறையப் பொறுமை வேண்டும்.

அந்தப் பொறுமை இல்லாத இடத்தில்தான் வெள்ளையாக்கும் கிறீம் வருகிறது. கலியாணத்துக்கும் சாமத்திய வீட்டுக்கும் நாள் வைத்தவுடன் ஒரு டப்பி வாங்கிவிடுவார்கள். இவை தைரோசினேசு நொதியத்தை மறித்து மெலனினைக் குறைக்கின்றன. குடையைக் கழற்றிவிட்டுப் பிள்ளையைச் சித்திரை வெய்யிலில் விடுகிறோம். பெயர் தெரியாத டப்பிகளில் இரண்டு சாமான்களுக்குப் பயப்பட வேண்டும். ஒன்று பாதரசம். பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கை, அழகுப் பொருளில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் இருப்பதை 2020க்குப் பிறகு விலக்க வேண்டும் என்று 2013இலேயே விதித்தது. பாதரசம் தோலால் இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தாயின் கையாலும் துவாயாலும் குழந்தைக்கும் போகும். சிறுநீரக நோய் ஏற்கெனவே கவலையாக இருக்கிற வவுனியாப் பக்கத்தில் இது இரட்டைப் பிழை. உற்பத்தியாளர் முகவரி இல்லாத டப்பி, 'தங்கம், வெள்ளி, அலுமினிய நகைகளில் படக் கூடாது' என்று எழுதிய டப்பி, இவற்றை வாங்காதீர்கள். மற்றது ஸ்ரீரொயிட், அதாவது பீற்றாமெதசோன், குளோபெற்றசோல் போன்றவை. ஒரு கிழமையில் முகம் 'பளிச்' என்று வந்தால் சந்தோசப்படாமல் சந்தேகப்படுங்கள். சில மாதத்தில் தோல் மெலிந்து, இரத்தக் குழாய் தெரிந்து, பரு வந்து, முகத்தில் முடி வளர்ந்து, வெய்யிலில் நிற்கவே முடியாமல் காந்தும். மாதக் கணக்கில் பூசியவர்கள் ஒரேயடியாக விட்டால் இன்னும் கொதிக்கும். டப்பியோடு வைத்தியரிடம் போய், படிப்படியாக விடுங்கள்.

தேசிக்காயும் அப்பாவியல்ல. அதன் தோலில் உள்ள சோரலின் என்ற பொருள் புறஊதா 'ஏ'யோடு சேர்ந்தால் தோலை எரிக்கும். முகம் வெளுக்கத் தேசிக்காய்ப் பாதி தேய்த்துவிட்டு வெளியே போனவருக்கும், அன்னதானத்துக்குச் சாக்குக் கணக்கில் தேசிக்காய் பிழிந்தவருக்கும், ஒன்று முதல் மூன்று நாளில் சாறு வழிந்த கோட்டிலேயே கொப்புளமும், பிறகு மாதக் கணக்கில் கருங்கோடும் வரும். பிழிந்த கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வெய்யிலில் இறங்குங்கள். வெண்புள்ளிக்குச் சித்த வைத்தியத்தில் கொடுக்கும் கார்போகரிசியிலும் இதே சோரலின்தான் இருக்கிறது. அதனால்தான் வெய்யில் அளவை வைத்தியர் சொல்லியே காட்ட வேண்டும், இரண்டு மடங்கு நின்றால் இரண்டு மடங்கு பலன் வராது, எரியும்.

குளிசைகளில் முக்கியமாக ஒன்று. எலிக்காய்ச்சல் வராமல் வயல் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கொடுக்கும் டொக்சிசைக்ளின் வெய்யிலில் தோலை உறைக்க வைக்கும். அதற்காகக் குளிசையை விட்டுவிடாதீர்கள், எலிக்காய்ச்சல் உயிரை எடுக்கும். சாப்பிட்ட பிறகு ஒரு முழுக் கிளாஸ் தண்ணீரோடு போட்டு, அரை மணித்தியாலம் படுக்காமல் இருந்து, அன்றைக்கும் அடுத்த சில நாளும் முழுக்கைச் சட்டையோடு வேலை செய்யுங்கள். கர்ப்பிணிகள் இதைப் போடக் கூடாது. பிரசருக்குக் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதையசைட்டும், மூட்டுவலிக்குப் பூசும் கீற்றோபுரொஃபென் ஜெல்லும் இதே வகை.

விற்றமின் டி பற்றி ஒரு வரி: வயலில் நிற்பவர் அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. விடியமுன் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய் இருட்டிய பின் வருபவர்தான் யோசிக்க வேண்டும். கறுத்த தோலுக்கு அதைச் செய்ய நேரம் கூட எடுக்கும், கண்ணாடிக்குப் பின்னால் இருந்தால் செய்யவே செய்யாது.

கடைசியாக, நிறம் குறைந்த திட்டுகள். பிள்ளையின் கன்னத்தில் வெளிறிய திட்டு பெரும்பாலும் வரட்சி. முதுகில் மெல்லிய செதிலோடு பரவுவது தேமல், பூஞ்சண மருந்தில் மாறும், ஆனால் நிறம் திரும்ப மாதங்கள் ஆகும். பால் வெள்ளையாக இருந்தால் வெண்புள்ளி, அது தொற்றாது, அந்த இடத்தை மட்டும் வெய்யிலிலிருந்து மூடிக் காக்க வேண்டும். வெளிறிய திட்டில் பஞ்சால் தொட்டால் தெரியவில்லை, சுட்டால் உணரவில்லை என்றால் அது தொழுநோயாக இருக்கலாம். பன்மருந்துச் சிகிச்சையால் முற்றாக மாறும், அரச ஆஸ்பத்திரியில் இலவசம், பிந்தினால் மட்டும் நரம்பு கெட்டு விரல் மடங்கும். கிளினிக்குப் போகும்போது பூசுகிற எல்லா டப்பியையும், போடுகிற எல்லாக் குளிசையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். முகத்தில் பவுடர் பூசாமல் போங்கள், பூசினால் திட்டின் விளிம்பு வைத்தியருக்குத் தெரியாது.

வணக்கம்.